காவலும் ஈடும்: வடவேங்கட வட்டாரத்தில் குற்றத்தால் இழந்தோர்க்கு ஈடு செய்யும் மரபு

முன்னுரை

குற்றம் செய்தவனைத் தண்டிப்பது அரசின் கடமை என்பதில் எக்காலத்தும் ஐயம் எழுந்ததில்லை. ஆனால் அக்குற்றத்தால் பொருளையோ, உறுப்பையோ, உறவையோ இழந்தவர்க்கு ஈடு செய்வது யாருடைய கடமை என்னும் வினாவிற்குக் காலந்தோறும் வேறுவேறு விடைகள் தரப்பட்டுள்ளன. குற்றவாளியே தரவேண்டும் என்பது ஒரு விடை. காவல் காக்கத் தவறியவன் தரவேண்டும் என்பது இன்னொரு விடை. ஊரோ அரசோ தரவேண்டும் என்பது மூன்றாவது விடை. இம்மூன்றும் தமிழ் நிலத்தின் வரலாற்றில் வழங்கியுள்ளன. அவற்றின் தடங்களைச் சித்தூர், திருப்பதி வட்டாரத்தை மையமாகக் கொண்டு தொடர்ந்து காண்பதும், இந்தியக் குற்றவியல் சட்டத்தில் 2009ஆம் ஆண்டின் இறுதியில் நடைமுறைக்கு வந்த பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுத் திட்டத்தை அம்மரபின் வெளிச்சத்தில் மதிப்பிடுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

இவ்வட்டாரத்தைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. தொல்காப்பியப் பாயிரம் தமிழ்கூறும் நல்லுலகின் வட எல்லையாகக் கூறும் வேங்கடம் இங்குள்ளது. தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மூன்று மொழிகளின் ஆட்சி மரபுகளும் இங்குச் சந்திக்கின்றன. பழைய வடஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராக இருந்த சித்தூர், 1911ஆம் ஆண்டு தனி மாவட்டமாயிற்று. 1953இல் ஆந்திர மாநிலத்தில் சேர்ந்தது. 1960இல் நடைமுறைக்கு வந்த எல்லைத் திருத்தத்தால் திருத்தணிப் பகுதி தமிழகம் திரும்பியது. 2022 ஏப்ரலில் மாவட்டம் பிரிக்கப்பட்டுத் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. இவ்வாறு எல்லைகள் மாறிய நிலத்தில், ஒருபுறத்து மக்கள் மறுபுறத்தில் உயிரிழந்தபோது ஈடு செய்யும் பொறுப்பு யாரைச் சாரும் என்னும் வினா 2015ஆம் ஆண்டில் கூர்மையாக எழுந்தது. அவ்வினாவே இவ்வாய்வைத் தூண்டியது.

சொற்கள் தரும் செய்தி

இப்பொருள் குறித்துத் தமிழில் வழங்கும் சொற்களை முதற்கண் வேறுபடுத்திக் கொள்ளுதல் தேவையாகிறது. ஈடு என்னும் சொல் ஒப்பு, சமம், பிணையாக வைத்த பொருள் ஆகிய பொருள்களில் வழங்குவது. இழந்ததற்கு ஒப்பானதை மீட்டுத் தருதல் என்பது இழப்பீடு என்னும் கூட்டுச்சொல்லின் பொருள். தண்டம் என்பது குற்றம் செய்தவன் செலுத்தும் பொருள். அது அரசனது பண்டாரத்தையோ கோயிலையோ ஊர்ச்சபையையோ சேரும். இழந்தவரைச் சேரவேண்டும் என்பதில்லை. கருணைத்தொகை என்பது இக்கால ஆட்சித்துறை வழக்கு. கொடுப்பவரின் மனவிருப்பத்தால் கொடுக்கப்படுவது அது. கேட்டுப் பெறும் உரிமை அதில் இல்லை.

எனவே இழப்பீடு என்பது கடன். கருணைத்தொகை என்பது கொடை. இரண்டிலும் கைமாறும் பணம் ஒன்றாகவே இருக்கலாம். எனினும் கடனைத் திருப்பித் தருபவர் தம் பொறுப்பை ஒப்புக்கொள்கிறார். கொடை தருபவர் எதனையும் ஒப்புக்கொள்வதில்லை. இவ்வேறுபாடு இக்கட்டுரை முழுவதும் தொடர்ந்து பயன்படும்.

இலக்கியச் சான்று: வார்த்திகன் வரலாறு

அரசே இழைத்த தவற்றுக்கு அரசே ஈடு செய்த செய்தியைச் சிலப்பதிகாரம் பதிவு செய்துள்ளது. மதுரைக் காண்டத்துக் கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் கண்ணகிக்குக் கூறும் கிளைக்கதை அது. சேரனிடம் பரிசில் பெற்றுத் திரும்பிய பராசரன் என்னும் அந்தணன், திருத்தங்காலில் மறையோதிய சிறுவன் தட்சிணாமூர்த்திக்கு அணிகலன்களைப் பரிசாக அளிக்கிறான். சிறுவனின் தந்தை வார்த்திகன். அவனது வளம் கண்டு பொறாத அரசு ஊழியர்கள், புதையலைக் கவர்ந்தவன் எனப் பழிசுமத்தி அவனைச் சிறையிடுகின்றனர். மனைவி கார்த்திகை அழுது புலம்புகிறாள். கொற்றவை கோயிலின் கதவு திறவாது போகிறது. காரணம் அறிந்த பாண்டியன் வார்த்திகனை விடுவித்துப் பிழை பொறுக்குமாறு வேண்டித் திருத்தங்காலையும் வயலூரையும் அவனுக்கு அளிக்கிறான்.

இக்கதையில் மூன்று கூறுகள் கருதத்தக்கன. முதலாவது, தவறு செய்தோர் கீழ்நிலை ஊழியர். ஆயினும் அரசன் அதனைத் தன் பிழையாக ஏற்கிறான். இரண்டாவது, விடுதலை மட்டும் போதும் என அவன் கருதவில்லை. விடுதலையோடு நிலமும் தருகிறான். மூன்றாவது, மன்னிப்பு வேண்டுதலும் நிலம் தருதலும் இணைந்தே நிகழ்கின்றன. பிழையை ஒப்புக்கொண்ட பின்னரே ஈடு வருகிறது. அதே காப்பியத்தில் கோவலன் கொலைக்கு ஈடு ஏதும் பேசப்படவில்லை என்பதும் நோக்கத்தக்கது. உயிருக்கு ஈடில்லை என்பதைக் காப்பியம் உணர்ந்துள்ளது. அங்குப் பிழையை ஒப்புக்கொள்ளுதல் அரசனின் உயிரிழப்பாகவே முடிகிறது.

கல்வெட்டுச் சான்று: உதிரப்பட்டியும் விளக்கும்

காப்பியக் கதையிலிருந்து கல்வெட்டுகளுக்கு வரும்போது இருவகை வழக்கங்களைக் காண்கிறோம். முதலாவது உதிரப்பட்டி. போரிலோ, ஆநிரை மீட்பிலோ, ஊரைக் காக்கும் முயற்சியிலோ உயிர் நீத்தோரின் வழியினர்க்கு விடப்பட்ட நிலம் இப்பெயர் பெற்றது. இரத்தக் காணிக்கை என்னும் வழக்கும் உண்டு. கன்னடக் கல்வெட்டுகளில் இதற்கு இணையாக நெத்தரு கொடகெ என்னும் தொடர் வழங்குகிறது. நெத்தரு என்பதன் பொருளும் குருதியே. வாணரும் வைதும்பரும் ஆண்ட சித்தூர் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் நடுகற்கள் மிகுதியாகக் கிடைத்துள்ளன. உயிர்நீத்தவர்க்குக் கல்லும் அவர் குடும்பத்தார்க்கு நிலமும் எனும் இருபக்க மரபு இம்மும்மொழி நிலத்துக்குப் பொதுவாக இருந்தது எனலாம். வன்முறையால் உயிரிழந்தவரின் குடும்பத்தை வாழவைக்கும் பொறுப்பை ஊரோ அரசோ ஏற்ற நிலை இது. ஆயினும் இது பெரும்பாலும் வீரச்சாவுக்கே உரியதாக இருந்தது என்பதையும் மறத்தலாகாது. வழிப்பறியில் மாண்ட எளியவனின் குடும்பத்துக்கு உதிரப்பட்டி கிடைத்ததற்கான அளவற்ற சான்றுகள் உள்ளன எனக் கூறுதல் மிகையாகும்.

இரண்டாவது வழக்கம் கோயிலுக்கு நுந்தாவிளக்கு வைத்தல். வேட்டையில் விலங்கு எனக் கருதி அம்பெய்து மனிதனைக் கொன்றவனையும், சண்டையில் கருதாமல் உயிர்ச்சேதம் விளைத்தவனையும் நாட்டார் கூடி விசாரித்து, கொலைத் தண்டனை விதிக்காமல் கோயிலில் விளக்கெரிக்கப் பசுக்களோ ஆடுகளோ தருமாறு தீர்ப்பளித்த செய்திகள் சோழர் காலக் கல்வெட்டுகளில், குறிப்பாக ஆர்க்காட்டுப் பகுதியில், காணப்படுகின்றன. ஒரு முழு விளக்குக்கு 96 ஆடுகள் என்பது பரவலான அளவு. எண்ணிக்கை குறையாமல் காக்கப்படவேண்டிய இவ்வாடுகளைச் சாவா மூவாப் பேராடு எனக் கல்வெட்டுகள் குறிக்கின்றன.

உள்நோக்கம் இல்லாத கொலைக்கும் உள்நோக்கத்தோடு செய்த கொலைக்கும் வேறுபாடு கண்ட நீதியுணர்வு இத்தீர்ப்புகளில் புலனாகிறது. அதேவேளையில், இங்கு ஈடு பெறுவது கோயிலே. இறந்தவன் பொருட்டு விளக்கு எரிகிறது. அவன் மனைவி மக்கள் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதை இத்தகைய கல்வெட்டுகள் பேசுவதில்லை. உதிரப்பட்டியில் குடும்பம் முன்னிற்கிறது. விளக்குத் தண்டத்தில் குற்றவாளியின் பாவநீக்கம் முன்னிற்கிறது. பிற்காலச் சட்டங்களிலும் இவ்விரு போக்குகள் மாறிமாறித் தலைகாட்டுவதைக் காணலாம்.

பாடிகாவல்: கூலி பெற்றவனின் பொறுப்பு

மூன்றாவதும் முதன்மையானதுமான வழக்கம் காவலன் பொறுப்பு. களவுபோன பொருளை மீட்டுத் தருதல் அரசன் கடமை. மீட்க இயலாவிடில் தன் பொருளிலிருந்து தரவேண்டும் என்னும் கருத்து அர்த்தசாத்திரத்திலும் தருமசாத்திரங்களிலும் உள்ளது. தமிழகத்தில் இது பாடிகாவல் என்னும் நிறுவனமாக வடிவெடுத்தது. பாடிகாவல் என்பது ஊர்க்காவலையும் அதற்காகச் செலுத்தப்பட்ட வரியையும் ஒருங்கே குறிக்கும் சொல். சோழர் காலத்திலேயே வரியாகக் காணப்படும் இது, பிற்காலத்தில் காவல் தலைவர்களின் உரிமையாக வளர்ந்தது. களவு நிகழின் களவாளியைப் பிடித்துப் பொருளை மீட்டல், இயலாவிடில் இழப்பை ஈடு செய்தல் ஆகியன காவல் உரிமை பெற்றவர் மேல் சுமந்த கடமைகளாக விசயநகர, நாயக்கர் காலங்களில் நிலைபெற்றன.

விசயநகர அரசில் இக்கோட்பாடு உயர்மட்டத்திலும் நிலவியமைக்குப் போர்த்துக்கேயரான நூனிசு எழுதிய குறிப்பு சான்றாகும். ஏறத்தாழ 1535ஆம் ஆண்டையொட்டி எழுதப்பட்ட அக்குறிப்பை இராபர்ட் சுவெல் 1900ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் வெளியிட்டார். ஒரு பகுதியில் வழிப்பறிக்கு ஆளானவன் அரசனிடம் முறையிட்டால், அப்பகுதியின் தலைவன் தலைநகரில் இருப்பினும் அவனை அழைத்துக் கேட்பர். திருடனைப் பிடிக்கத் தவறின் அவனது பொருள் பறிமுதலாகும் என்பது அவர் தரும் செய்தி. அப்போது ஆண்டவர் அச்சுதராயர். அவர் சந்திரகிரிக் கோட்டையிலிருந்து வந்து 1529இல் அரியணை ஏறியவர். திருப்பதியிலும் காளத்தியிலும் முடிசூட்டு விழா கண்டவர். பின்னர் ஆரவீட்டு மரபினர் காலத்தில் சந்திரகிரியே பேரரசின் தலைநகரமாயிற்று. ஆகவே, காவல் தவறினால் காவலனே பொறுப்பு என்னும் கோட்பாடு இவ்வட்டாரத்துக்கு அயலானதன்று.

இம்மரபைக் குறையற்றதாகக் காட்டுதல் ஆய்வு நேர்மையாகாது. பேரரசு தளர்ந்தபின் காவல் உரிமை பல இடங்களில் கட்டாய வசூலாக மாறியது. காவல் கூலி தராத ஊரில் களவு நிகழ்வதும், தந்த ஊரில் நிகழாமையும் வியப்புக்குரியன அல்ல என்னும் நிலை ஏற்பட்டது. நெல்லை, இராமநாதபுரப் பாளையங்கள் பற்றி லஷிங்டன் எழுதிய அறிக்கைகள் தேசகாவல், ஸ்தலகாவல் எனும் இரு வசூல்களையும் அவற்றின் சுமையையும் விரித்துரைக்கின்றன. அவ்வறிக்கைகளின் நோக்கம் கும்பினியின் தலையீட்டை நியாயப்படுத்துவது என்பதை மனங்கொண்டே அவற்றைப் படிக்கவேண்டும். எனினும் அவை சொல்லும் கொடுமைகள் முழுதும் புனைந்தவை எனத் தள்ளிவிட இயலாது.

கும்பினி ஆட்சி: கூலி மாறியது, பொறுப்பு மறைந்தது

1801ஆம் ஆண்டு கர்நாடக ஒப்பந்தத்தால் ஆர்க்காட்டு நவாபின் நாடு கும்பினியார் வசமாயிற்று. சித்தூர்ப் பகுதியின் பாளையக்காரர்கள் அதுவரை நுகர்ந்துவந்த காவல் உரிமையும் காவல் வரியும் புதிய ஆட்சியின் கைக்கு மாறின. பேஷ்குஷ் எனப்பட்ட கப்பமும் உயர்ந்தது. 1804ஆம் ஆண்டையொட்டி இப்பாளையங்களில் மூண்ட கலகம் படைகொண்டு அடக்கப்பட்டது. வரலாற்று நூல்கள் இதனைப் பாளையக்காரர் கிளர்ச்சி வரிசையில் வைத்து நோக்குகின்றன. அது பொருத்தமே. இழப்பீட்டு வரலாற்றின் நோக்கிலும் இந்நிகழ்ச்சிக்கு ஒரு முக்கியத்துவம் உண்டு.

காவலுக்கென மக்கள் செலுத்திய பொருள் இப்போது பொது வருவாயில் கலந்தது. 1816ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டம் ஊர்த் தலைவர்களையும் தலையாரிகளையும் காவல் பணியில் மாவட்ட ஆட்சியரின் கீழ்க் கொண்டுவந்தது. 1859ஆம் ஆண்டின் சென்னை மாவட்டக் காவல் சட்டம் சம்பளம் பெறும் சீருடைக் காவல் படையை உருவாக்கியது. அதனால் பல நன்மைகள் விளைந்தன. ஆயினும், காவல் தவறியபோது இழந்தவனுக்கு ஈடு தரும் பழைய பொறுப்பைப் புதிய அரசு ஏற்கவில்லை. காவலுக்கான கூலியை மட்டும் பெற்றுக்கொண்டு அதனோடு ஒட்டியிருந்த கடனை விட்டுவிட்டது எனச் சுருங்கக் கூறலாம்.

இந்நிலை விடுதலைக்குப் பின்னும் உடனே மாறவில்லை. 1964இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த கஸ்தூரிலால் வழக்கு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மீரட் நகரில் காவலர்கள் ஒரு வணிகரிடம் கைப்பற்றிய தங்கம் காவல் நிலையப் பொறுப்பில் இருந்தபோது, தலைமைக் காவலர் அதனை எடுத்துக்கொண்டு பாகிஸ்தானுக்குத் தப்பிவிட்டார். அரசின் இறையாண்மைப் பணியில் நிகழ்ந்த இழப்புக்கு அரசு ஈடு தரவேண்டியதில்லை என நீதிமன்றம் கூறிற்று. காவலனே களவாடிய வழக்கில் காவலுக்குப் பொறுப்பான அரசு விலகிநின்றது. பாடிகாவல் மரபுக்கு நேர் எதிரான நிலை இது.

சட்டத்தில் ஈடு மீண்ட வரலாறு

1898ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 545ஆம் பிரிவு, குற்றவாளியிடம் பெறும் அபராதத்திலிருந்து ஒரு பகுதியைப் பாதிக்கப்பட்டவர்க்கு வழங்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் தந்தது. 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் 357ஆம் பிரிவு, அபராதம் விதிக்கப்படாத வழக்கிலும் இழப்பீடு தருமாறு குற்றவாளிக்கு ஆணையிடலாம் என விரிவுபடுத்தியது. இவையிரண்டும் குற்றவாளியே தரவேண்டும் என்னும் விடையைச் சார்ந்தவை. குற்றவாளி அகப்படாவிடினும், அவன் வறியனாயினும், வழக்கு மெய்ப்பிக்கப்படாவிடினும் இழந்தவர் வெறுங்கையோடு திரும்ப நேர்ந்தது.

உலகின் பிற பகுதிகளில் இக்குறை முன்னரே உணரப்பட்டது. நியூசிலாந்து 1963இலும், பிரித்தானியா 1964இலும், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 1965இலும் அரசு நிதியிலிருந்து இழப்பீடு தரும் ஏற்பாடுகளைத் தொடங்கின. 1985 நவம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவை பாதிக்கப்பட்டோர்க்கான நீதிக் கோட்பாடுகளை அறிவித்தது. இந்தியாவில் உச்ச நீதிமன்றமே முதலில் வழிதிறந்தது. விடுதலைத் தீர்ப்புக்குப் பின்னும் பதினான்கு ஆண்டுகள் சிறையிலேயே வைக்கப்பட்டிருந்த ஒருவர்க்கு, 1983ஆம் ஆண்டு ருதுல் ஷா வழக்கில் பீகார் அரசு ஈடு தருமாறு ஆணையிட்டது. ஒரிசாவில் காவலில் இறந்த இளைஞனின் தாய் தொடுத்த நீலாவதி பெஹரா வழக்கில், 1993ஆம் ஆண்டு, ஒன்றரை இலட்சம் ரூபாய் வழங்க ஆணையிட்டபோது, அடிப்படை உரிமை மீறலில் இறையாண்மைப் பாதுகாப்புக்கு இடமில்லை எனத் தெளிவுபடுத்தியது. வார்த்திகனுக்குக் கிடைத்த நீதி இவ்வாறு அரசமைப்புச் சட்டத்தின் வழி மீண்டும் தலையெடுத்தது எனலாம்.

1996ஆம் ஆண்டின் சட்ட ஆணைய அறிக்கையும் 2003ஆம் ஆண்டின் மளிமத் குழு அறிக்கையும் வலியுறுத்தியதன் பயனாக, 2008ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் 357அ என்னும் பிரிவைச் சேர்த்தது. அது 2009 டிசம்பர் 31 முதல் நடைமுறைக்கு வந்தது. இதன்படி ஒவ்வொரு மாநில அரசும் இழப்பீட்டுத் திட்டம் ஒன்றை வகுத்து நிதி ஒதுக்கவேண்டும். குற்றவாளி விடுவிக்கப்பட்டாலும் நீதிமன்றம் இழப்பீட்டுக்குப் பரிந்துரைக்கலாம். குற்றவாளி யாரென அறியப்படாத நிலையிலும் பாதிக்கப்பட்டவர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். விசாரணையை இரண்டு மாதத்தில் முடித்துத் தொகை வழங்கவேண்டும். தமிழ்நாட்டின் திட்டம் 2013இல் அறிவிக்கப்பட்டது. நடுவண் அரசு 2015இல் 200 கோடி ரூபாயில் ஒரு நிதியத்தை ஏற்படுத்தியது. பெண்களுக்கான தேசியச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் திட்டம் 2018 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. உயிரிழப்புக்கு 5 முதல் 10 இலட்சம் ரூபாய் என அது வரையறுத்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 396ஆம் பிரிவு இவ்வேற்பாட்டைத் தொடர்கிறது.

குற்றத்தைத் தடுக்க இயலாத அரசு இழந்தவர்க்கு ஈடு தரும் என்பதே இத்திட்டத்தின் உட்பொருள். பாளையக்காரரிடமிருந்து காவல் கூலி அரசின் கைக்கு மாறி இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னர், அதனோடு இருந்த கடனும் அரசின் கணக்கில் எழுதப்பட்டது.

சேஷாசலம், 2015

இம்மரபு முழுவதையும் சோதனைக்கு உள்ளாக்கிய நிகழ்ச்சி 2015 ஏப்ரல் 7ஆம் நாள் நிகழ்ந்தது. சந்திரகிரி மண்டலத்தைச் சேர்ந்த சேஷாசல வனப்பகுதியில், செம்மரக் கடத்தல் தடுப்புச் சிறப்புப்படையினர் சுட்டதில் 20 பேர் உயிரிழந்தனர். அனைவரும் தமிழகத்துத் தொழிலாளர். பெரும்பாலோர் திருவண்ணாமலை, தர்மபுரி மாவட்டங்களின் மலையடி ஊர்களைச் சேர்ந்தோர். கற்களாலும் அரிவாள்களாலும் தாக்கப்பட்டதால் தற்காப்புக்காகச் சுட்டதாகச் சிறப்புப்படை கூறியது. பேருந்தில் வந்தவர்களை முன்னரே பிடித்துச் சென்றனர் எனத் தப்பி வந்தோர் தேசிய மனித உரிமைகள் ஆணையத்தின் முன் வாக்குமூலம் அளித்தனர்.

இதன் முன்வரலாற்றையும் சொல்லவேண்டும். 2013 டிசம்பரில் இதே வனத்தில் வன அலுவலர் இருவர் கடத்தற்காரர் தாக்குதலில் கொல்லப்பட்டனர். அவர்தம் குடும்பத்தாரும் குற்றத்தால் இழந்தோரே. அவ்வழக்கில் பெருந்தொகையான தமிழகத் தொழிலாளர் கைதாகி நெடுங்காலம் சிறையில் இருந்தனர். 2016இல் திருப்பதி நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. காரணமின்றிக் கைதானோர்க்கென 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் 358ஆம் பிரிவு தரும் ஈடு, கைதுக்குக் காரணமானவரிடமிருந்து அதிகபட்சம் ஆயிரம் ரூபாய். புதிய சட்டத்திலும் அத்தொகை உயரவில்லை. வார்த்திகனுக்கு இரண்டு ஊர்கள் கிடைத்தன. இவ்வொப்பீடு காப்பியத்தைப் போற்றுவதற்காகச் சொல்லப்படுவதன்று. விடுதலை பெற்றவர் இழந்த ஆண்டுகளுக்கு இன்றைய சட்டம் வைத்துள்ள மதிப்பைக் காட்டுவதற்காகச் சொல்லப்படுகிறது.

2015இல் உயிரிழந்தோர் குடும்பங்களுக்குத் தமிழ்நாடு அரசு தலா 3 இலட்சம் ரூபாய் அறிவித்தது. தேசிய மனித உரிமைகள் ஆணையம் ஆந்திர அரசு தலா 5 இலட்சம் ரூபாய் இடைக்கால நிவாரணமாக வழங்கவும், நடுவண் புலனாய்வுத் துறை விசாரிக்கவும் பரிந்துரைத்தது. ஆந்திர அரசு அப்பரிந்துரையை எதிர்த்து ஐதராபாத்தில் இருந்த உயர் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை பெற்றது.

இவ்விரு தொகைகளின் தன்மையை, முன்னர்க் கூறிய சொல் வேறுபாட்டின் துணையால் அறியலாம். தமிழ்நாடு தந்தது கருணைத்தொகை. சாவு நிகழ்ந்தது அதன் எல்லைக்குள் அன்று. சுட்டது அதன் காவல்படையும் அன்று. தன் குடிமக்கள் என்னும் பரிவால் அது கொடுத்தது. ஆணையம் பரிந்துரைத்ததோ இழப்பீட்டை நோக்கியது. அதனை ஏற்பது, சுட்டவர் செயலுக்கு அரசு விளக்கம் கூறக் கடமைப்பட்டது என்பதை ஏற்பதாகும். ஆகவேதான் சிறிய தொகையே ஆயினும் அது வழக்காடப்பட்டது. தொகையின் அளவைவிட அதன் பெயரே அரசுகளுக்குச் சுமையாகிறது என்பது இதனால் புலனாகும்.

357அ பிரிவின் கீழ் இக்குடும்பங்கள் ஈடு கோரியிருப்பின் என்ன நிகழும் என்பதும் ஆராயத்தக்கது. மாநிலத் திட்டங்கள் பொதுவாகக் குற்றம் நிகழ்ந்த மாநிலத்தையே பொறுப்பாக்குகின்றன. எனவே சவ்வாது மலையின் கைம்பெண் ஒருவர் சித்தூரில், தாம் அறியாத மொழியில் விண்ணப்பிக்க வேண்டும். மேலும் 2008ஆம் ஆண்டுத் திருத்தம், எவர் மீது குற்றச்சாட்டு உள்ளதோ அவரது செயலால் இழப்புற்றவரையே பாதிக்கப்பட்டவர் என வரையறுத்தது. குற்றம் சாட்டப்பட்டவராகக் காவலர் எவரும் இல்லாத நிலையில், இறந்தவர் கடத்தல்காரர் என்றே ஏட்டில் இருக்கும்போது, அவர் மனைவி பாதிக்கப்பட்டவராக மாட்டார். 2024இல் வந்த சட்டம் வரையறையில் குற்றச்சாட்டு பற்றிய தொடரை நீக்கியுள்ளது. இது வரவேற்கத்தக்க மாற்றம். எனினும் குற்றம் நிகழ்ந்தது என்பதையே அரசு மறுக்குமிடத்து இம்மாற்றமும் முழுத்துணை ஆகாது.

வாச்சாத்தி தரும் ஒளி

காவலர் மீதே குற்றச்சாட்டு எழும் இத்தகைய வழக்கில் ஈடு எவ்வாறு அமையலாம் என்பதற்குத் தர்மபுரி மாவட்டத்து வாச்சாத்தி ஒரு விடை தருகிறது. அங்கும் மரமே காரணம். செம்மரத்துக்குப் பதிலாகச் சந்தனமரம். 1992 ஜூன் 20ஆம் நாள் வன, காவல், வருவாய்த் துறையினர் சோதனை என்னும் பெயரில் அப்பழங்குடி ஊரில் புகுந்து கொடுமைகள் இழைத்தனர். பெண்கள் 18 பேர் பாலியல் வன்முறைக்கு ஆளாயினர். 2011இல் தர்மபுரி நீதிமன்றம் உயிருடன் இருந்த 215 பேரைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. 2023 செப்டம்பர் 29இல் சென்னை உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதிசெய்து, அப்பெண்கள் ஒவ்வொருவர்க்கும் 10 இலட்சம் ரூபாய் வழங்குமாறு அரசுக்கு ஆணையிட்டது. அதில் பாதியை வன்முறைக் குற்றவாளிகளிடம் மீட்குமாறும் கூறியது.

இத்தீர்ப்பில் முன்னர்க் கண்ட மூன்று விடைகளும் இணைகின்றன. காவலுக்குப் பொறுப்பான அரசு முதலில் தருகிறது. குற்றவாளி தன் பங்கைத் தருகிறான். இழந்தவரின் உரிமை, குற்றம் மெய்ப்பிக்கப்பட்டபின், கடனாகவே தீர்க்கப்படுகிறது. இதற்கு 31 ஆண்டுகள் ஆயின என்பது அதன் குறை. உண்மை நிலைநாட்டப்பட்டபின் ஈடு வந்தது என்பது அதன் நிறை.

முடிவுரை

இவ்வாய்வில் பெறப்படும் கருத்துகளைப் பின்வருமாறு தொகுத்துரைக்கலாம்.

குற்றத்தால் இழந்தவர்க்கு ஈடு செய்தல் அயல்நாட்டிலிருந்து வந்த புதுமை அன்று. உதிரப்பட்டி, விளக்குத் தண்டம், பாடிகாவல் பொறுப்பு, அரசன் பிழைக்கு அரசன் தரும் நிலம் என அது பல வடிவங்களில் இங்கு வழங்கியது. அவ்வடிவங்கள் அனைத்தும் எல்லார்க்கும் ஒருபடித்தாகப் பயன்பட்டன எனக் கூறுவதற்கில்லை.

காவல் கூலி பெறுபவரே காவல் தவறின் ஈடு தரவேண்டும் என்பது பாடிகாவல் மரபின் நடுநாயகமான கோட்பாடு. கும்பினி ஆட்சி கூலியை எடுத்துக்கொண்டு பொறுப்பை விட்டது. 2009இல் நடைமுறைக்கு வந்த பிரிவு அப்பொறுப்பைப் பகுதியளவில் மீட்டது.

காவலரே குற்றஞ்சாட்டப்படும் இடத்தில் இன்றைய திட்டம் தடுமாறுகிறது. அங்கு அரசு கடனை மறுத்து, கொடையாக மட்டும் கொடுக்க முற்படுகிறது. அல்லது கொடுக்கவே மறுக்கிறது. இழந்தவர் ஒரு மாநிலத்தவராகவும் இழப்பு நிகழ்ந்த இடம் மறுமாநிலமாகவும் அமையும்போது இத்தடுமாற்றம் மிகுகிறது. அண்டை மாநிலத்துச் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் தமக்குள் விண்ணப்பங்களை மாற்றிக்கொள்ளவும், இழந்தவரின் மொழியிலேயே விசாரிக்கவும் வழிசெய்தால் இத்துயரில் ஒரு பகுதியேனும் குறையும்.

பாண்டியன் வார்த்திகனிடம் பிழை பொறுக்க வேண்டியதன் பின்னரே நிலத்தைத் தந்தான். சேஷாசலத்தில் உயிரிழந்த 20 பேரின் குடும்பங்களுக்கு ஒரு தொகை கிடைத்துள்ளது. அவர்கள் எவ்வாறு இறந்தனர் என்னும் விடை அத்தொகையோடு சேர்த்துத் தரப்படவில்லை. அவ்விடையும் அக்குடும்பங்களுக்கு அரசு தரவேண்டிய ஈட்டின் பகுதியே என்பது இக்கட்டுரையின் துணிபாகும்.